வெள்ளைக்குக் கீழே சிவப்பு

கல்யாணம் பேச வந்தவன் அவளிடம் நிறங்களை மட்டும்தான் கேட்டான். இந்தத் திரை என்ன கலர், அந்த ஸ்டூல் என்ன கலர், வெளியே காய்கிற நூல் கட்டுகளில் இடப்பக்கம் கிடப்பதும் வலப்பக்கம் கிடப்பதும் ஒன்றா வேறா. அவள் நூலுக்குச் சாயம் போடுகிறவரின் மகள். இரண்டும் வேறு, இடப்பக்கத்தில் சிவப்பு கொஞ்சம் கூட என்றாள். அவளுடைய அப்பா எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து ஆமாம் என்றார். அவன் போய்ப் பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்பிள்ளை பரீட்சை வெச்சுட்டாரு. பாஸா, ஃபெயிலா?" என்று அத்தை கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"பாஸ்" என்றான்.

மரச்சாமான் பட்டறையில் அவனுக்கு பாலிஷ் வேலை. அங்கே அவன் பெயர் கழுகு. யாருடைய தாத்தா காலத்து நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தாலும் அதே நிறத்தில் புது மரத்தை நிறுத்திக் காட்டுவான். சாமானை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பான். "இந்த வெளிச்சம் சரியில்ல" என்பான். சாமானைத் தூக்கிக்கொண்டு பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் ஸ்பிரே அறைக்குள் போய்விடுவான். திரும்பி வரும்போது நிறம் தயாராக இருக்கும். பட்டறையில் யாராவது நிறத்தில் தப்புச் செய்துவிட்டால் தேய்க்கிற கட்டையை அவன் மேல் வீசுவான். "உனக்கு இருக்கிறது கண்ணா, புண்ணா?" என்பான்.

அவனுக்குச் சிவப்பு தெரியாது. பிறந்ததிலிருந்தே தெரியாது. சிவப்பும் பழுப்பும் அடர்பச்சையும் அவனுக்கு ஒரே சேறு. வெளிர் ரோஜா நிறமும் வெள்ளையும் ஒரே பால். கல்யாணத்துக்கு முன்பு அவனுடைய அக்கா ஸ்பிரே அறையில் துணி அலசுகிறவளாக இருந்து நிறம் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு நாள் சாமான் வாங்கப் போகிறேன் என்று போனவள் திரும்பவில்லை. எதற்காகப் போனாள் என்று பட்டறையில் யாருக்கும் விளங்கவில்லை. கல்யாணமான முதல் வாரத்திலேயே இவளுக்கு விளங்கிவிட்டது.

அக்காவுக்குப் பிறகு இவள் துணி அலசினாள். சாயம் கலக்க அவன் சொல்லித்தரவில்லை, அடிதான் சொல்லித்தந்தது. தண்ணீரில் கரைகிற சாயம் மரத்தின் நாரை எழுப்பிவிடும், ஆனால் போட்ட இடத்தில் கிடக்கும். ஸ்பிரிட்டில் கரைகிற சாயம் சீக்கிரம் காயும், தூரிகை பட்ட இடமெல்லாம் திட்டுத்திட்டாக நிற்கும். தின்னரில் கரைகிற சாயம்தான் கேட்க அழகு, அதை நம்ப முடியாது. மேலே லாக்கர் பூச்சு அடித்தால் லாக்கரில் இருக்கும் தின்னர் அதைக் கரைத்துத் தன்னோடு மேலே கூட்டிக்கொண்டு வந்துவிடும். சிவப்பு எல்லாவற்றிலும் மோசம். அதை அடக்க நடுவில் வேறு குலத்துப் பூச்சு ஒன்று வேண்டும், தின்னருக்கு அசையாதது. அவல் போலத் தகடு தகடாக விற்கிற அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, அடியில் படிகிற மெழுகைக் கிளறாமல், மேலே நிற்கும் தெளிவை மட்டும் வடித்துப் பூச வேண்டும். மெழுகு கலந்துவிட்டால் மேலே போடும் லாக்கர் வெயிலில் பட்ட தோல் மாதிரி உரிந்துவிடும். உரிந்த நாற்காலி ஒன்றின் காலை அவன் அவள் முதுகில் உடைத்திருக்கிறான்.

ஆட்கள் முன்னால் நிறம் கேட்டால் என்ன செய்வது என்பதற்கு ஏற்பாடு உண்டு. சிவப்பு கூடியிருந்தால் திரைக்குப் பின்னாலிருந்து அவள் ஒரு தடவை இருமுவாள். குறைந்திருந்தால் இரண்டு தடவை. சரியாக இருந்தால் சும்மா இருப்பாள்.

"கழுகு பொண்டாட்டிக்குத் தின்னர் வாடை ஒத்துக்கல. பாவம், இருமியே செத்துடும்போல" என்பார் மேஸ்திரி. தச்சு வேலைக்கெல்லாம் அவர் தலைமை. பெரிய உருவம், சின்னக் குரல்.

"இருமாதடி, எரிச்சலா வருது" என்று கழுகு ஊருக்காகக் கத்துவான்.

ஒரு தடவை பெயிண்ட் கடையில் அவன் தப்பான டப்பாவை எடுத்தபோது, பழக்கதோஷத்தில், "அது சிவப்புங்க" என்று வாயைத் திறந்து சொல்லிவிட்டாள். கடைக்காரன் திரும்பிப் பார்த்தான். வீட்டுக்கு வந்ததும் கிண்ணத்தில் இருந்த தின்னரை அவள் முகத்தில் ஊற்றினான். இடது கண்ணில் பால் ஏறிப் பார்வை போய்விட்டது. ஸ்பிரே கன் அடைத்துத் தின்னர் தெறித்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னாள். சொல்லச் சொன்னதும் அவன்தான்.

"இன்னொரு தடவை வாயத் தொறந்தீன்னா மிச்சக் கண்ணும் போயிடும். அப்புறம் நீ எனக்கும் ஆக மாட்ட, நாய்க்கும் ஆக மாட்ட."

அவளிடம் மிச்சம் இருந்தது அந்த வலது கண். தூங்கும்போதும் அதன் மேல் கையை வைத்துக்கொண்டு தூங்கப் பழகிவிட்டாள்.

ஸ்பிரே அறையில் அடிக்கிற சத்தம் வெளியே கேட்கும். பிளாஸ்டிக் திரை தூசியைத் தடுக்கும், சத்தத்தைத் தடுக்காது. சத்தம் கேட்டால் யாராவது இழைப்பு மிஷினைப் போட்டுவிடுவார்கள். மரம் இல்லாமலே அது சும்மா ஓடும். நின்ற பிறகு வேலை தொடரும். முதலாளிக்கும் தெரியும். ஆனால் கழுகு போனால் இன்னொரு கழுகுக்கு எங்கே போவது என்பார்.

அவளுக்குச் சளி பிடித்ததில்தான் எல்லாம் வந்தது.

முதலாளி வாடிக்கையாளர் ஒருவருக்குக் கழுகின் பெருமையைக் காட்ட நினைத்தார். இரண்டு துண்டுப் பலகைகளை நீட்டி, "கழுகு, இது ரெண்டும் ஒண்ணா பார்த்துச் சொல்லு" என்றார். திரை ஓரம் விலகியிருந்தது, அவளுக்கும் தெரிந்தது. இரண்டும் ஒன்றுதான். அவள் சும்மா இருக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத் தொண்டையில் சளி ஏறியது. வாயைப் பொத்துவதற்குள் ஒரு இருமல் வந்துவிட்டது.

"வலப்பக்கத்துல சிவப்பு தூக்கலா இருக்குங்க" என்றான் கழுகு.

முதலாளி பலகைகளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். "ஒரே பலகைய இப்பதான்யா ரெண்டா அறுத்துட்டு வந்தேன்."

"ஒரு பக்கம் வெயில் பட்டிருக்கும்."

"ம்" என்றார் முதலாளி.

மறுநாள் காலை அவன் ஸ்பிரே அறைக்குள் வந்து திரையை இழுத்துவிட்டான்.

"எதுக்குடி இருமுன?"

"சளிங்க. நேத்து காலையிலயே சொன்னேன்."

"சளியா? சளி வந்தா வாயத் தெச்சுக்க மாட்டியா?"

கையில் உப்புத்தாள் சுற்றிய கட்டை இருந்தது. முதல் அடி தோளில். இரண்டாவது கழுத்துக்குக் கீழே. அவள் வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு சுவரோடு ஒட்டினாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு வெறி கூடியது. எதை மறைக்கிறாளோ அங்கேதான் அடிக்கத் தோன்றியது. அலமாரியில் இருந்தவற்றை ஒரு கையால் வாரி இறைத்தான். அவலரக்கு ஊறவைத்திருந்த கண்ணாடி ஜாடி தரையில் வெடித்தது. கையை விலக்கிவிட்டு முகத்தில் அடித்தான். கட்டையின் முனை புருவத்துக்குக் கீழே இறங்கியது.

வெளியே இழைப்பு மிஷின் ஓட ஆரம்பித்தது.

அது நின்றபோது அவள் அரக்கும் கண்ணாடியும் கிடந்த தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது கண் பழம் போல வீங்கி இமை தைத்ததுபோல மூடியிருந்தது. அவன் குந்தி உட்கார்ந்து பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"தொற."

"தொறக்கலங்க."

"தொறடி."

இரண்டு கட்டைவிரல்களையும் வைத்து இமையைப் பிரித்தான். அவள் அலறினாள். மிஷின் மறுபடி ஓடியது. கையை எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றினான். ஈரத் துணியை வைத்தான். அந்தக் கண்ணை அவன் அவ்வளவு பக்குவமாகத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"எத்தனை நாள் ஆகும்?"

"உங்க கையத்தான் கேக்கணும்."

கீழ் இமை ஓரமாக மயிரிழை அளவு வெளிச்சம் தெரிந்தது. கண் போகவில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதை அவனிடம் சொல்லவில்லை.

அன்று மதியம் ஓட்டல்காரர் ஒருவர் வருகிறார். அவருடைய நீள மேசையை வெள்ளையாக்கித் தர வேண்டும். பழைய மேசை. எத்தனையோ பேர் எத்தனையோ தடவை அதன் மேல் சிவப்புச் சாயம் போட்டிருந்தார்கள். பழைய லாக்கரைச் சுரண்டி எடுத்தாகிவிட்டது, ஆனால் சாயம் மரத்துக்குள் ஆழமாக நின்றது. முந்தின நாள் அவள் அதைத் தின்னர் தொட்ட துணியால் துடைத்துப் பார்த்திருந்தாள். துணி கோழி அறுத்த கத்தியைத் துடைத்தது மாதிரி ஆனது.

"அது தின்னர்ச் சாயங்க" என்றாள், மூடிய கண்ணோடு. "அவலரக்கு ரெண்டு கை குடுத்துட்டுதான் வெள்ளை அடிக்கணும்."

"அரக்குதான் ஒடஞ்சு கெடக்கே."

"புதுசா ஊறப் போட்டா நாளைக்கு ஆயிடும்."

"மதியம் வர்றவன்கிட்ட நாளைக்குன்னு சொல்றதா? நேத்து வேற முதலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தாரு." டப்பா ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்தான். மூடி திறந்த வாடையிலேயே அவளுக்கு என்னவென்று தெரிந்தது. "சீலர் இருக்கு. இதுவும் அடைக்கும்."

"அது மரத்தோட கண்ணை அடைக்குங்க, சாயத்த அடைக்காது. அதுலயும் தின்னர்தான்."

"எனக்கே பாடம் நடத்துறியா? கண்ணு போயும் வாய் போகலையே."

கம்ப்ரசர் ஓடியது. கன் சீறியது. சீலர் காய்ந்து, உப்புத்தாள் போட்டு, முதல் கை வெள்ளை லாக்கர் ஏறியது. இரண்டாவது ஏறியது.

"எப்படிங்க இருக்கு?" என்று கேட்டாள்.

"பால்."

"திட்டு ஏதாவது?"

"அங்கங்க நிழல் மாதிரி இருக்கு. இன்னொரு கை அடிச்சா மறஞ்சிடும்."

அடுத்த கை அடித்தான். ஒவ்வொரு கையும் தின்னரைக் கொண்டுபோகிறது, ஒவ்வொரு தின்னரும் சிவப்பைக் கொண்டுவருகிறது. அவளால் அதைக் கண் இல்லாமலே பார்க்க முடிந்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அந்த மயிரிழை வெளிச்சம் போய்விடும். ஈரத் துணியைக் கண்ணில் அழுத்திப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"யாராச்சும் கேட்டா, லாக்கர் தெறிச்சிடுச்சுன்னு சொல்லணும். வேற ஏதாவது வந்துச்சு, தெரியும்ல?"

"தெரியும்."

மதியம் மேசையை வெளியே தூக்கி வைத்தார்கள். ஓட்டல்காரர் வந்திருந்ததால் எல்லா மிஷினையும் நிறுத்தச் சொல்லியிருந்தார் முதலாளி. பட்டறையில் அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டதே இல்லை. தூக்கியவர்களில் ஒருவன் க்ளுக் என்றான். இன்னொருவன் அவனை இடித்தான்.

ஓட்டல்காரர் மேசையை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"என்னய்யா இது, ரோஸ் கலர்ல? நான் ஓட்டல் நடத்துறேன், பொம்மைக் கடை இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். கழுகும் சிரித்தான். கிண்டல் என்று நினைத்தான்.

"வெள்ளைங்க. பளிச்சுன்னு இருக்கு பாருங்க."

சிரிப்பு இன்னும் பெரிதானது. அவன் திரைப்பக்கம் காதைக் கொடுத்து நின்றான். ஒரு இருமலா, இரண்டா. திரைக்குப் பின்னால் அவளும் அவன் காத்திருப்பதைக் கேட்டாள். தொண்டையில் சளி இருந்தது. விழுங்கினாள்.

முதலாளி சிரிக்கவில்லை. மேசை மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்தார்.

"கழுகு, தாள் என்ன கலர்?"

"வெள்ளை."

"மேசை?"

"வெள்ளை."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. முதலாளி கீழே கிடந்த இரண்டு துணிகளை எடுத்தார். ஒன்று சிவப்பு துடைத்தது, ஒன்று அடர்பச்சை துடைத்தது.

"சிவப்பு எது?"

கழுகு வெகுநேரம் பார்த்தான். "இந்த வெளிச்சம் சரியில்ல" என்றான். பிறகு பச்சையைத் தொட்டான்.

"அடப்பாவி" என்றார் மேஸ்திரி தன் சின்னக் குரலில். "அந்த இருமலு!"

எல்லோருடைய தலையும் திரைப்பக்கம் திரும்பியது. கழுகும் திரும்பினான். வழியில் இருந்த தின்னர் டப்பாவை எடுத்துக்கொண்டு திரையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனான். அவள் காலடியைக் கேட்டாள், தின்னர் வாடையை முகர்ந்தாள், வலது கண்ணை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு முழங்காலுக்குள் தலையைப் புதைத்தாள். தின்னர் கழுத்திலும் முதுகிலும் கொட்டியது. அவன் அவள் முடியைப் பிடித்துத் தலையைத் தூக்கினான். தூக்கிய கையை மேஸ்திரி பிடித்தார்.

அதற்குப் பிறகு நடந்தது கழுகுக்குப் புதிது. அவனிடம் கட்டையடி வாங்கியவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். ஒருவன் வயிற்றில் உதைத்தான். ஒருவன் தேய்க்கும் கட்டையாலேயே பிடரியில் போட்டான். "கண்ணா, புண்ணா? சொல்லுடா, கண்ணா, புண்ணா?" என்று ஒவ்வொரு அடிக்கும் கேட்டான். ஓட்டல்காரர் ஐயோ ஐயோ என்று வாசலுக்கு ஓடினார். வாய் உடைந்து பல் ஒன்று மேசையடியில் உருண்டது. யாரும் இழைப்பு மிஷினைப் போடவில்லை.

ரம்ப மிஷினைத்தான் போட்டார்கள். நீளப் பட்டை ரம்பம் சக்கரத்தில் ஏறிக் கீச்சிட்டது. மேஸ்திரி அவனை இழுத்துக்கொண்டு போய் வலது கையை மிஷின் பலகையில் வைத்து, மணிக்கட்டைத் தன் முழு எடையோடு அழுத்தினார். விரல்களுக்கும் ரம்பப் பல்லுக்கும் நடுவில் ஒரு தாள் நுழைகிற இடம்தான் இருந்தது.

முதலாளி தடுக்கவில்லை. "அந்தப் பொண்ணோட கண்ணுலதான்யா நான் இத்தனை நாள் கடை நடத்தியிருக்கேன்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

"அண்ணி!" மேஸ்திரியின் குரல் உடைந்து வந்தது. "வாங்க, வந்து சொல்லுங்க. என்ன பண்ணட்டும்?"

அவள் சுவரைத் தடவிக்கொண்டு வந்தாள். ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. தின்னர் பட்ட தோல் எரிந்தது. மிஷின் சத்தத்தை வைத்து அருகே வந்து நின்றாள். இத்தனை வருஷம் மிஷின் போட்டவர்கள் இவர்கள்தான் என்பது அவளுக்குத் தெரியும். இப்போது அவள் வாயைப் பார்த்து நிற்பவர்களும் இவர்கள்தான்.

"சொல்லுடி" என்றான் கழுகு. பிறகு, "சொல்லும்மா" என்றான்.

"எந்தக் கை வெச்சிருக்கீங்க?"

"வலது" என்றார் மேஸ்திரி.

ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது.

"மேசை முழுக்க, வெறும் மரம் தெரியற வரைக்கும் தேய்க்கணும். ஒரு கையால ஆகாது. விடுங்க."

மேஸ்திரி விட்டார். கழுகு தரையில் விழுந்தான். கையை மார்போடு சேர்த்துக்கொண்டு, ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான்.

"அவலரக்கு ஊறப் போடுங்க" என்றாள் முதலாளி குரல் வந்த பக்கம் திரும்பி. "ஜாடி ஒடஞ்சிடுச்சு. புதுசு வேணும்."

அன்றிலிருந்து அவள் வீட்டுக்குப் போகவில்லை. மரக்கிடங்கை ஒட்டிய அறையில் படுத்தாள். மேஸ்திரி அந்தக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுக் கொடுத்தார். போட்டுவிட்டு, "நாங்க கேட்டிருக்கணும், அண்ணி" என்றார். "ஆமா" என்றாள். கழுகு தினமும் வந்தான். கழுகு என்ற பெயர் போய்விட்டது, புதுப் பெயர் யாரும் வைக்கவில்லை, "ஏய்" போதுமானதாக இருந்தது. வேறு பட்டறைகளுக்குக் கதை போய்விட்டதால் போவதற்கு இடமில்லை. சுரண்டினான், தேய்த்தான். அவள் இருக்கும் பக்கம் வந்தால் மேஸ்திரி சுத்தியலைக் கையில் எடுத்துக்கொள்வார், ஆணி இல்லாவிட்டாலும்.

வலது கண் ஒரு காலையில் பாதி திறந்தது. வெள்ளை விழி முழுக்கச் சிவந்திருந்தது. முதலில் கிடங்கில் அடுக்கியிருந்த பலகைகளைப் பார்த்தாள். ஒவ்வொன்றின் நிறத்தையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டாள். எல்லாம் சரியாக இருந்தது. பிறகு வெளியே வந்தாள்.

அவன் மேசை மேல் குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தான். உப்புத்தாள் தேய்ந்து விரல்நுனி தெரிந்தது.

"முடிஞ்சிடுச்சு" என்றான் நிமிராமல். "சுத்தமா எடுத்துட்டேன்."

அவள் மேசையைச் சுற்றி வந்தாள். முட்டியால் ஒரு இடத்தில் தட்டினாள்.

"இங்க இருக்கு."

அவன் அங்கே தேய்த்தான்.

"இங்க."

அங்கேயும் தேய்த்தான். ஒவ்வொரு தடவையும் "போச்சா?" என்று கேட்டான். அவள் போச்சு என்றால் நிறுத்தினான், இல்லை என்றால் தொடர்ந்தான். பார்த்துக்கொண்டிருந்த ஒருவன், "அண்ணி, இருமிக் காட்டுங்க, சட்டுனு புரிஞ்சுக்குவான்" என்றான். யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை.

ஜாடியில் அரக்கு ஊறித் தெளிந்து நின்றது. அடியில் மெழுகு வெண்ணிறமாகப் படிந்திருந்தது. அவள் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கிளறாமல் மேல்தெளிவை இன்னொரு பாத்திரத்துக்கு வடித்தாள். திரும்பியபோது அவன் ஒரே இடத்தில் வெகுநேரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தான். வெறும் மரத்தில் சிவப்பு அகலமாகப் பரவியிருந்தது. தேய்க்கத் தேய்க்க அதிகமானது.

"இங்க இன்னும் போகலையா?" என்றான்.

அவள் வந்து பார்த்தாள்.

"அது சாயம் இல்ல. உன் வெரல். கிழிஞ்சிருக்கு. தொடச்சுட்டுத் தேய்."

அவன் விரலைத் தூக்கிப் பார்த்தான். மேசையைப் பார்த்தான். மறுபடி விரலைப் பார்த்தான்.

"எது?" என்றான்.

அவள் மேசையில் இன்னொரு இடத்தில் தட்டினாள்.